ஆண் குழந்தைக்கு அரபுப் பெயர்: அறுபது ரூபாய்ப் புத்தகம் தேறுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் தேட இந்தப் புத்தகம் நல்லது. பெயரை முடிவு பண்ண ஆகாது.

புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணி விற்கும் ஒரு கடையில் வாங்கியது. உள்ளங்கை அகலம், பச்சை அட்டை, விலை அறுபது ரூபாய். தங்கச்சிக்குப் பையன் பிறந்திருந்தான். ஏழாம் நாள் அகீகாவுக்கு (குழந்தை பிறந்ததற்கு ஆடு அறுத்துக் கொடுப்பது) இரண்டு ஆட்டுக்குச் சொல்லியாச்சு, பெயர்தான் முடிவாகவில்லை. போட்டவர் யார் என்று எழுதி அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டாம். இந்த மாதிரிப் புத்தகங்கள் பலதும் ஒரே அச்சில் வார்த்தவைதான்.

நான் கடலூர் முதுநகரில் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். முகம்மது என்ற ஒரு பெயரே ஆதாரில் ஒரு விதம், டிசியில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதமாக இருக்கும். மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டு "தம்பி, எப்படியாவது ஒண்ணாக்கிக் கொடு" என்று வந்து நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து, பெயர்ப் புத்தகம் என்றால் அர்த்தத்துக்கு முன்னால் எழுத்தைப் பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். எழுத்து பெரிசு, அம்மா கண்ணாடி இல்லாமலே படித்தார். நபிமார் பெயர்கள், சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) பெயர்கள் தனித்தனிப் பகுதியாக இருக்கின்றன. அல்லாஹ்வுக்கு மிக விருப்பமான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர் ரஹ்மானும் என்று 'ஸஹீஹ் முஸ்லிம்' தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி) முதல் பக்கத்திலேயே வருகிறது. ரஸ்ஸாக் என்பது அல்லாஹ்வின் பெயர், அப்துர் ரஸ்ஸாக் என்றால் அவனுடைய அடிமை; அப்படி வைத்துவிட்டு வெறும் ரஸ்ஸாக் என்று கூப்பிடாதீர்கள் என்று ஒரு குறிப்பும் உண்டு. நம் தெருவில் பாதிப் பேர் படிக்க வேண்டிய குறிப்பு அது. பொருள் வாரியாகத் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அஸத், உஸாமா, ஹைதர், லைஸ், அப்பாஸ் எல்லாமே சிங்கம். தங்கச்சி பக்கத்தைப் புரட்டிப் புரட்டி, "ஏண்ணே, வேற மிருகமே கிடையாதா?" என்றாள்.

குறை என்று பார்த்தால், புத்தகத்தில் அரபு எழுத்து ஒரு இடத்தில்கூட இல்லை. தமிழில் மட்டும் பெயர், எதிரே பொருள். தமிழில் ஒரே ஒரு 'ஸ'. அரபியில் ஸீன் உண்டு, ஸாத் உண்டு, மூன்று புள்ளி வைத்த ஸா உண்டு. எங்களுக்கு ஹாரிஸ் பிடித்திருந்தது. புத்தகத்தில் 'பாதுகாப்பவர்' என்று போட்டிருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் காட்டியதும், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துப் பின்னட்டையில் இரண்டு சொற்களை எழுதினார். மேலே இருப்பது ஸீன் போட்டது, காவல்காரர். கீழே இருப்பது மூன்று புள்ளி போட்டது, நிலத்தை உழுகிறவர், பாடுபடுகிறவர். பெயர்களில் மிக உண்மையானவை என்று அபூதாவூத் தொகுப்பின் ஹதீஸில் ஹம்மாம் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது கீழே உள்ள ஹாரிஸ்தான். "ரெண்டும் நல்ல பேருதான். எது வேணும்னு தெரிஞ்சு வைங்க" என்றார்.

எல்லாப் பெயரும் இப்படி நல்லபடியாக முடியாது. அலீம் என்பதை ஐன் எழுத்தில் தொடங்கினால் யாவும் அறிந்தவன். அலிஃபில் தொடங்கினால் வலி தருவது. ஸைஃப் ஸீனில் வாள், ஸாதில் கோடைக்காலம். கடலூர் வெயிலுக்கு இரண்டாவதும் பொருந்தும், அது வேறு விஷயம்.

அட்டையில் 'அழகிய அரபுப் பெயர்கள்' என்று போட்டுவிட்டு உள்ளே பர்வேஸ், ஜஹாங்கீர், ஷாநவாஸ் என்று பாரசீகப் பெயர்களையும் கலந்துகட்டி இருக்கிறார்கள். வைக்கக் கூடாத பெயர்கள் இல்லை. ஆனால் அரபு என்று சொல்லி விற்கக் கூடாது. இதற்கெல்லாம் இடம் இருந்த புத்தகத்தில், நாகூர் வரைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிற மைதீனுக்கு ஒரு வரி இல்லை. முஹ்யித்தீன் என்ற சுத்த அரபுப் பெயர்தான் நம் வாயில் மைதீன் ஆனது. அத்தாவின் அத்தா, அதாவது என் தாத்தா பெயர் அது. "மைதீனே இல்லாம என்ன புக்குடா இது" என்று அம்மா மூடி வைத்துவிட்டார்.

போனில் இலவச ஆப் ஒன்றும் பார்த்தோம். அதில் அரபு எழுத்து இருக்கிறது, அழுத்தினால் உச்சரித்தும் காட்டுகிறது. அந்த வகையில் புத்தகத்தைவிட மேல். ஆனால் நாலு பெயருக்கு ஒரு விளம்பரம், தமிழ் அர்த்தமோ படித்தால் தலை சுற்றுகிறது. 'குர்ஆனில் வருகிற பெயர்' என்று ஒரு பட்டியல் வேறு. குர்ஆனில் வருகிற சொல்லெல்லாம் பெயராகிவிடாது. பெண் பிள்ளைகளுக்கு அலைனா என்று வைக்கிறார்கள் அல்லவா, அதன் பொருள் 'எங்கள் மீது'.

அப்புறம் ஆங்கில எழுத்து. புத்தகம் இதைத் தொடவே இல்லை, என் தொழிலில் இதுதான் பெரிய விஷயம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரைப் பிறகும் சேர்க்கலாம், 12 மாதம் வரை கட்டணம் இல்லை, அதற்கு மேல் 15 வருடம் வரை கட்டணத்தோடு. அதனால் அவசரப்பட்டு எதையாவது எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதில் விழுகிற எழுத்துதான் கடைசிவரை.

மூன்று புள்ளி ஹாரிஸை முறைப்படி எழுதினால் கடைசியில் டி-ஹெச் வரும். அதை நம் ஊர் டீச்சர் ஹாரித் என்று படிப்பார். எஸ் போட்டால் துபாயில் இருக்கிற மாப்பிள்ளை, "இங்க காவல்காரன்னு நினைப்பாங்க மச்சான்" என்கிறார். கடைசியில் டி-ஹெச் என்றே முடிவானது. டீச்சரிடம் ஒரு தடவை சொன்னால் போச்சு. இன்னொன்று, விசிட் விசாவில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. அதனால் இரண்டாவதாக ஒரு சொல் எப்படியும் வேண்டும். ஹாரிஸ் மைதீன் என்று வைத்தோம். அம்மா அவனை மைதீன் என்றுதான் கூப்பிடுகிறார்.

ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். வாங்குவதாக இருந்தால் கூடவே ஒரு பேனாவும், அரபு எழுதத் தெரிந்த ஆளும் வேண்டும். பதிப்பகத்தார் யாராவது இதைப் படித்தால், பாதிச் சிங்கங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரபுக்கு ஒரு பத்தி, ஆங்கிலத்துக்கு ஒரு பத்தி சேருங்கள். நூறு ரூபாய் போட்டாலும் என் கடையிலேயே வைத்து விற்றுத் தருகிறேன்.