மூடிய சிகாகோ, திறந்த பர்மிங்காம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குப் பல்கலைக்கழகம் பணம் போடலாமா? (நாம் ஆடும் கால்பந்து அல்ல, தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்ளும் ஆட்டம்.) இரண்டு பல்கலைக்கழகங்களை வைத்துப் பார்க்கலாம்.

சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் இந்த ஆட்டத்தில் பெரிய பெயர். 1935-இல் முதல் ஹெய்ஸ்மன் கோப்பை (சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது) வாங்கிய ஜே பெர்வாங்கர் அங்கேதான் ஆடினார். நான்கே வருடத்தில் சிகாகோ அணி மிச்சிகன் பல்கலைக்கழக அணியிடம் 85-0 என்று தோற்றது. அந்த 1939-லேயே பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸ் அணியைக் கலைத்தார். பல்கலைக்கழகத்தின் மதிப்பு குறைந்ததா என்றால், இல்லை. 1969-இல் ஆட்டம் திரும்பி வந்தது, ஆனால் விளையாட்டு உதவித்தொகையே இல்லாத சின்னப் பிரிவில்.

பர்மிங்காமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் கதை வேறு. 2014 வாக்கில் அதன் விளையாட்டுத் துறையின் வருடச் செலவு சுமார் 3 கோடி டாலராக இருந்தது. அதில் சுமார் 2 கோடி பல்கலைக்கழகமும் மாணவர் கட்டணமும் கொடுத்தது. கட்டுப்படியாகாது என்று 2014 டிசம்பரில் அணியை மூடினார்கள். ஊரே கொதித்தது. நன்கொடையாளர்கள் பணத்தோடு வந்தார்கள், ஆறே மாதத்தில் முடிவு மாறியது. 2017-இல் களத்துக்குத் திரும்பிய அணி, அடுத்த வருடமே தன் லீக்கில் சாம்பியன்.

சரி, எது மேல்? ஊர்க்காரர்கள் தாங்களே பணம் தருகிறார்கள் என்றால் பர்மிங்காம் வழியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்டம் பக்கமே போகாத மாணவன் கல்விக்கடன் வாங்கிக் கட்டும் கட்டணத்தில் கை வைப்பதுதான் உறுத்துகிறது. அந்த நிலை வந்தால் என் ஓட்டு ஹட்சின்ஸுக்கே.