பித்தளைக் குழாய் (ஹார்ன்) வச்ச "எச்எம்வி" கிராமபோன் வாங்கப் போறவங்க படிச்சிட்டுப் போங்க

கடை பேரு போடல, ஈசிஆர் பக்கம்னு மட்டும் சொல்றேன். 26,000 ரூபா. "1905 மாடல் சார், செட்டிநாட்டு வீட்டுல எடுத்தது, ஒரிஜினல் எச்எம்வி"ன்னு சத்தியம் பண்ணாத குறை. சாவி கொடுத்து ஒரு பாட்டு போட்டும் காட்டினாங்க, ஆனா பல்லவி முடியறதுக்குள்ள முள்ளைத் தூக்கிட்டு "பழைய தட்டு சார், தேய்ஞ்சிடும்"னு பேச்சை மாத்திட்டாங்க.

ஏன்னு வீட்டுக்கு வந்தப்புறம் தான் புரிஞ்சுது. பத்து இன்ச் தட்டு ஒரு பக்கம் மூணு நிமிஷம் சொச்சம் தான் ஓடும், அதுக்கே ஸ்பிரிங் தாங்கல, பாதிக்கு மேல பாட்டு இழுக்க ஆரம்பிச்சு பழைய நாடகப் பாடகர் கிட்டப்பா குரல் எருமை குரல் ஆயிடுது. அது கூட பரவாயில்ல, ஸ்பிரிங் மாத்திக்கலாம். தட்டைத் தூக்கிப் பார்த்தா மேல சாம்பல் கலர்ல பொடி, பள்ளமெல்லாம் வெளுத்துப் போயிருக்கு.

பழைய தட்டு சேர்க்கிற அண்ணன் ஒருத்தர் வந்து பார்த்தார். பெட்டி மேல எச்எம்வி அடையாளமான நாய் படம் போட்ட பித்தளை பிளேட்டை அவர் திரும்பிக்கூட பார்க்கல, நேரா டோன் ஆர்ம் மேல, அதாவது முள்ளுலேர்ந்து ஹார்னுக்கு சத்தம் போற குழாய் மேல, கையை வச்சார். நல்ல பெட்டியில அந்தக் குழாய் முள்ளு மாட்டுற சவுண்ட் பாக்ஸ் கிட்ட ஒல்லியா ஆரம்பிச்சு ஹார்ன் பக்கம் போகப் போக அகலமாகிட்டே போகுமாம், சத்தம் விரியணும்ல. என்னோடதுல பாத்ரூம் பைப் மாதிரி முழுக்க ஒரே சைஸ். நீளம், கோணம் எதுவும் கணக்கில்லாம செஞ்சதால முள்ளு பள்ளத்துல நேரா உட்காராம பக்கச் சுவரை சுரண்டிட்டே போகுது, வெயிட்டும் ஜாஸ்தி. எஃகு முள்ளு தேயறது சகஜம், அதனால தான் ஒரு பக்கத்துக்கு ஒரு முள்ளுன்னு மாத்துவாங்க, ஆனா இங்க முள்ளோட சேர்ந்து அரக்குத் தட்டும் போகுது.

அப்புறம் பெட்டியைத் திறந்தார். உள்ள பிளஸ் தலை ஸ்க்ரூ! அந்த ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930கள்ல, 1905 பெட்டிக்குள்ள எப்படி வந்துதுன்னு கடைக்காரர் தான் சொல்லணும். மோட்டார் மட்டும் நிஜமாவே பழசு, உடைஞ்ச போர்ட்டபிள் (கையில தூக்கிட்டுப் போற சூட்கேஸ் மாடல்) எதுலயோ கழட்டி மாட்டினது. பளபள ஹார்ன் பத்தி கேட்டேன், சிரிச்சார், அந்தக் கால ஹார்ன் பெரும்பாலும் பெயின்ட் அடிச்ச தகடு இல்ல மரம் தானாம். நாய் படத்தை எச்எம்விக்காரங்களான கிராமபோன் கம்பெனி 1899லயே வாங்கிடுச்சு, ஆனா அவங்க தட்டு லேபிள்ல நாய் வந்தது 1909 வாக்குல, அதுக்கு முன்னாடி இறகால எழுதுற குட்டி தேவதை தான் இருக்கும். 1905னு பிளேட் அடிச்சவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.

கடைக்காரருக்கு போன் பண்ணா முதல்ல "ஆன்டிக்னா அப்படித்தான் சார்". விடாம கேட்டப்போ "பில்லைப் பாருங்க"ன்னாரு. பார்த்தா "டெக்கரேட்டிவ் கிராமபோன், கைவினைப் பொருள்"னு அடிச்சிருக்கு, வருஷமும் இல்ல எச்எம்வியும் இல்ல. வாயால சொன்னது ஒண்ணு, பேப்பர்ல வேற. 1915ங்கிற நம்பர்ல இருக்கிற நுகர்வோர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயின்ட் போட்டிருக்கேன், வாட்ஸ்அப்ல "ஒரிஜினல் 1905"னு அவரே அனுப்பின மெசேஜ் இருக்கு, பார்ப்போம்.

இந்த மாதிரி பெட்டி ஊர் ஊரா கிடைக்குது, ஷோகேஸ்ல வைக்கத்தான் வேணும்னா அலங்காரப் பொருள் விலை கொடுத்து வாங்கிக்கோங்க, தப்பில்ல. பாட்டு கேக்கணும்னா ஹார்ன் இல்லாத சூட்கேஸ் மாடல் எச்எம்வி 102 தேடுங்க. முழு தட்டும் ஓட விட்டுக் கேளுங்க, வருஷத்தையும் கம்பெனி பேரையும் பில்லுல எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா கிளம்பிடுங்க. ஏற்கனவே வாங்கி வச்சிருக்கவங்க தாத்தா பாட்டி தட்டு எதையும் அதுல போட்டுடாதீங்க, எல்பியை (பின்னாடி வந்த பிளாஸ்டிக் தட்டு) கிட்டயே கொண்டு போகாதீங்க, ஒரே ஓட்டத்துல உழுது தள்ளிடும்.