சப்பைத் தண்ணீரும் எங்கள் வாஷிங் மெஷினும்

சென்ற வாரம் எங்கள் வாஷிங் மெஷினுக்கு ஹீட்டர் மாற்றினோம். அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் நாத்தனார், "அண்ணி, நானும் இதையே வாங்கட்டுமா?" என்று கேட்டபோது எனக்கு உடனே பதில் வரவில்லை.

முன்கதவு வைத்த 7 கிலோ மெஷின். வாங்கி 5 ஆண்டுகள் ஆகின்றன. துவைப்பில் குறை சொல்லவே முடியாது. தென்னந்தோப்பு வேலை முடிந்து வரும் வேட்டியின் அழுக்கு, 60 டிகிரி வெந்நீரில் கையால் கசக்காமலே போய்விடுகிறது. நன்றாகப் பிழிந்தும் தருவதால், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் கொடியில் போட்ட துணி விரைவில் காய்ந்துவிடும்.

என் ஆத்திரமெல்லாம் அந்த வெந்நீரைப் பற்றியதுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. எங்களுக்கு வாய்த்ததோ போர்வெல்லின் சப்பைத் தண்ணீர், அதாவது கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீர். குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று அளவு வைத்து, வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. எங்கள் நீர் அதையும் தாண்டியது. இதைச் சூடாக்கும்போது கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாக ஹீட்டர் மேல் படிகிறது. மெக்கானிக் கழற்றி எடுத்த ஹீட்டர் முழுவதும் வெள்ளைக் காரை அப்பியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் தட்டியதும் முட்டை ஓடு போலச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாததால், உள்ளிருந்த சுருள் தன் சூட்டிலேயே எரிந்துபோயிருக்கிறது.

சுற்றுவட்டாரம் முழுவதும் இதே நீர் என்று தெரிந்தும், விற்ற கடைக்காரர் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஆனால் விளக்கப் புத்தகத்தில் உப்புப் படிவை நீக்கும் முறை இருக்கிறது. அதைப் பிரித்தே பார்க்காதது என் தவறு.

இப்போது படுக்கை விரிப்புக்கும் தோட்டத்துத் துணிக்கும் மட்டுமே வெந்நீர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, துணி போடாமல் 100 கிராம் சிட்ரிக் அமிலத்துடன் வெந்நீரில் ஓட்டுகிறேன். அதோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். தண்ணீர்க் குழாய் சேருமிடத்திலுள்ள சிறு வலையையும் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன். தண்ணீர் ஏறத் தாமதமாவது அதனால் நின்றது.

நாத்தனார் வீட்டிலும் போர்வெல்தான். மழைநீருக்குத் தொட்டி கட்டும்வரை ஹீட்டர் இல்லாத மேல்கதவு மெஷினே போதும் என்று நேற்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்று கேட்டாள். விற்க மாட்டேன்.