கண்டிஷனர் எப்பிடிப் போடுறது: இடப்பக்கப் பின்னலுக்கு ஒரு முறை, வலப்பக்கத்துக்கு இன்னொண்டு

என்ர முடி இடுப்புக்குக் கீழ, அளந்தால் 88 சென்டிமீற்றர். பெருமைக்குச் சொல்லேல்லை, கணக்குக்குச் சொல்லுறன். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீற்றர், கூடினால் ஒண்டேகால் தான் வளரும், அப்ப 88 எண்டால் நுனிக்கு ஆறேழு வயசு, அது முளைக்கேக்க நான் ஏ எல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தனான். அண்டையில இருந்து எத்தினை முழுக்கு, எத்தினை வெயில், எத்தினை சோளகக் காத்து, பஸ் சீற்றுக்கும் முதுகுக்கும் நடுவில எத்தினை தரம் நசிபட்டிருக்கும். வேரடியில இருக்கிற முடியோ போன மாசம் பிறந்த பிள்ளை. கிழவிக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே சாப்பாடு குடுக்கிற மாதிரித்தான் நாங்கள் உச்சியில இருந்து நுனி வரைக்கும் கண்டிஷனரை அப்பி விடுறம்.

போத்திலுக்குப் பின்னால பாத்தால் ஷம்பூவுக்குப் பிறகு பூசி ரெண்டு மூண்டு நிமிசம் விட்டுக் கழுவச் சொல்லி இருக்கும், அவ்வளவு தான், யாற்ற முடி எவ்வளவு நீளம் எண்டு போத்திலுக்குத் தெரியுமோ. லண்டன்ல இருக்கிற மச்சாள் ஷம்பூவுக்கு முதல் போடு எண்டுறாள், பக்கத்து வீட்டு அக்கா ஷம்பூவே வேண்டாம் எண்டுறா, அம்மம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு செவ்வரத்தை இலை காணும் எண்டுறா. ஆளாளுக்கு ஒண்டு சொன்னால் என்ன செய்யிறது, பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைப் பின்னல் பின்னிப் பழகின தலை தானே, நடு உச்சி பிரிச்சு இடப்பக்கத்துக்கு ஒரு முறையும் வலப்பக்கத்துக்கு மற்ற முறையும் செய்து பாப்பம் எண்டு வெளிக்கிட்டன். ஒரே நாள், ஒரே கிணத்துத் தண்ணி, ஒரே போத்தில். காஞ்ச பிறகு ரெண்டு பக்கத்தையும் இழுத்து, சீப்பில வந்த முடியைத் தனித்தனியா உருட்டி ஜன்னல் கட்டில வைச்சன். வீட்டுக்குள்ள முடி பறந்தால் தரித்திரம் எண்டு அம்மா பேசினா, பேசட்டும்.

முதல் நாள் சும்மா ஒரு சோதினை. இடப்பக்கம் நான் காலம் காலமாச் செய்த மாதிரி, கை நிறைய எடுத்துத் தலையில வைச்சு மேல இருந்து கீழ வழிச்சு விட்டுக் கழுவினன். வலப்பக்கம் முடியைப் பிழிஞ்சு, ரெண்டு நிமிசம் துவாயில சுத்தி வைச்சுட்டு, பிறகு அந்தப் பாதியை ரெண்டாப் பிரிச்சு, நுனியில தொடங்கி மேல காது மட்டத்தோட நிப்பாட்டினன். வித்தியாசம் இப்பிடி இருக்குமெண்டு நான் நினைக்கேல்லை. இடப்பக்கம் உச்சியில பிசுக்குப் பிடிச்சு ஒட்டிக்கொண்டு, கீழ பழைய தும்புத்தடி மாதிரி. வலப்பக்கம் சீப்பு வழுக்கிக்கொண்டு போச்சு.

காரணம் பெரிய விசயமில்லை. நனைஞ்ச முடியில எதிர் மின்னேற்றம் இருக்கும், பழுதான இடத்தில அது கூட. கண்டிஷனருக்குள்ள இருக்கிற பெஹென்ட்ரிமோனியம் குளோரைட், செட்ரிமோனியம் குளோரைட் மாதிரியான சாமான்களுக்கு நேர் மின்னேற்றம், அதால நுனி அதைத் தானே பிடிச்சு இழுத்து வைச்சிருக்கும், நாங்கள் செய்யவேண்டியது சாமானை நுனி வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்கிறது மட்டும் தான். மேல இருந்து வழிச்சு விட்டால் பாதி உச்சியிலயே நிண்டுடும், மிச்சம் சொட்டுற தண்ணியோட கிணத்தடி வாழைக்குப் போகும். நீளமுடிக்குள்ள எவ்வளவு தண்ணி நிக்குமெண்டு துவாயைப் பிழிஞ்சு பாத்தால் விளங்கும்.

சரி, கையால போடுறது எப்பிடியெண்டு வடிவாச் சொல்லிவிடுறன், ஏனெண்டால் கன பேர் பிழை விடுறது இதில தான். முழு முடிக்கும் ஒரு தேசிக்காய் அளவு சாமான், அடர்த்தியான ஆக்கள் எண்டால் ஒண்டரை. அதை ஒரே தரத்தில எடுக்காமல் நாலு பங்காக்கி, முடியையும் நாலாப் பிரியுங்கோ. ஒரு பங்கை ரெண்டு உள்ளங்கையிலயும் தேய்ச்சு, நுனியை நடுவில வைச்சுக் கும்பிடுற மாதிரிக் கையைச் சேத்துப் பொத்தி அப்பிடியே மேல மேல வாங்கோ, உடுப்புத் தோய்க்கிற மாதிரிக் கசக்க வேண்டாம். பிறகு விரலால கோதி, அதுக்குப் பிறகு அகலப் பல்லுச் சீப்பு, அதுவும் கீழ இருந்து. ஈரமுடி காஞ்ச முடியை விட இழுபடும், கெதியா அறுந்தும் போகும், ஆனபடியால் ஈரத்தில சீப்புப் போடுறதெண்டால் இந்த வழுக்கல் இருக்கேக்க மட்டும் தான். சீவி முடிய அந்த ரெண்டு மூண்டு நிமிசமும் போயிடும், தனியா நேரம் பாத்துக்கொண்டு நிக்கத் தேவையில்லை. ஒரு மணித்தியாலம் ஊற வைச்சால் கூடப் பிடிக்கும் எண்டு சில பேர் பிளாஸ்ரிக் பையைக் கட்டிக்கொண்டு திரியினம், கழுவுற கண்டிஷனர் பிடிக்கிறதைக் கெதியாவே பிடிச்சிடும், மிச்ச நேரம் கழுத்துக்குள்ள ஒழுகிறது மட்டும் தான் லாபம்.

அடுத்த வெள்ளி மச்சாளின்ர முறை. இடப்பக்கம் கண்டிஷனர் முதல், ஷம்பூ பிறகு. வலப்பக்கம் வழமையா. மச்சாளுக்கு மெல்லிய முடி, தோள் மட்டத்தில வெட்டியிருக்கிறாள், அவளுக்கு இது சரி தான், கண்டிஷனரின்ர பாரம் ஷம்பூவோட போய் முடி பொங்கி நிக்கும். என்ர இடப்பக்கமும் பொங்கித்தான் நிண்டது, ஆனால் பிறகு மூண்டு மணித்தியாலம் காத்தில காய விட்டதில பொங்கினது முழுக்கச் சிக்காப் போச்சு. நீளமுடிக்குப் பொங்கிறது நல்லதில்லை, ஒண்டோட ஒண்டு மாட்டுப்படும். தோளுக்கு மேல முடி இருக்கிற ஆக்கள், உச்சி கெதியா எண்ணெய் வடியிற ஆக்கள் இதைச் செய்து பாருங்கோ, மற்ற ஆக்கள் விடுங்கோ.

ஆனால் அதில இருந்து எனக்கு ஒண்டு விளங்கினது. ஷம்பூ தேவை உச்சிக்கு, வேர்வையும் செம்மண் புழுதியும் அங்க தான். நுரை கழுவேக்க முழு நீளத்துக்கும் வழிஞ்சு போய் அந்த ஆறேழு வயசுக் கிழவி நுனியில மிஞ்சியிருக்கிற எண்ணெய்ப்பசையையும் உரிச்சுக்கொண்டு போகுது. அப்ப நுனிக்கு முதலே ஒரு உறை போட்டால்? இது நான் கண்டுபிடிச்ச விசயமில்லை, நீளமுடி வளக்கிற ஆக்கள் கனகாலமாச் செய்யினம். காது மட்டத்துக்குக் கீழ முதல் கண்டிஷனர், அதைக் கழுவாமலே உச்சிக்கு மட்டும் ஷம்பூ, ரெண்டையும் சேத்துக் கழுவிப்போட்டுத் திருப்பவும் கீழ கண்டிஷனர். முதல் தரத்துக்கு விலை குறைஞ்ச சாமான் காணும், கடையில சரம் சரமாத் தொங்கிற பக்கெட் கூடக் காணும், அது உறை தானே.

இந்த ரெட்டைக் கண்டிஷனரை இடப்பக்கத்துக்கும், ஒருக்கா மட்டும் போடுறதை வலப்பக்கத்துக்கும் எண்டு நாலு முழுக்கு. ஜன்னல் கட்டில இடப்பக்க உருண்டை எப்பவும் சின்னன். பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, நான் வலப்பக்கம் சரிஞ்சு படுக்கிறனான், தலகாணியில உரஞ்சு அந்தப் பக்கம் கூட அறுபடுதோ எண்டு, பக்கத்தை மாத்தி இன்னும் நாலு முழுக்குச் செய்தன். வித்தியாசம் குறைஞ்சது, ஆனால் ரெட்டை தான் வெண்டது. செலவு கூட, நேரமும் பத்து நிமிசம் கூட, வேலைக்குப் போற நாளில நான் இதைச் செய்யிறேல்லை.

இதுக்குள்ள அம்மா ஒரு கேள்வி கேட்டா, எனக்கு உடன பதில் வரேல்லை. முதல் நாள் ராவு தேங்காய் எண்ணெய் வைச்சால் அதுவும் உறை தானே, பிறகென்னத்துக்கு ரெண்டு தரம் காசைக் கரைக்கிறாய் எண்டு. தேடிப் பாத்தால் அம்மா சொல்லுறதில விசயம் இருக்கு. தேங்காய் எண்ணெயில இருக்கிற லோரிக் அமிலம் முடித்தண்டுக்குள்ள இறங்கும், 2003இல வந்த ஒரு ஆய்வில சூரியகாந்தி எண்ணெயையும் மினரல் ஒயிலையும் இதோட வைச்சுப் பாத்ததில முடியில இருந்து புரதம் கழண்டு போறதைப் பெரிசாக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும் தான். ஒரு பக்கம் எண்ணெய் உறை, மற்றப் பக்கம் கண்டிஷனர் உறை, ரெண்டு பக்கமும் கடைசியில கண்டிஷனர் எண்டு செய்தன். உருண்டையில வித்தியாசம் கண்டுபிடிக்க ஏலாமல் போச்சு. ஆனால் எண்ணெய் எண்டால் ஒரு தேக்கரண்டி, ரெண்டு தேக்கரண்டி, அதுவும் காதுக்குக் கீழ. அம்மம்மா வைக்கிற மாதிரி நெத்தியில வழியிற அளவுக்கு வைச்சால் அதை எடுக்க ஷம்பூவை ரெண்டு தரம் போடோணும், பிறகு உறை போட்டு என்ன பிரயோசனம்.

பக்கத்து வீட்டு அக்காவின்ர முறையை, அது தான் ஷம்பூவே இல்லாமல் கண்டிஷனரால மட்டும் கழுவிறதை, மூண்டு முழுக்கோட விட்டுட்டன். இஞ்சத்தை வேர்வைக்கு உச்சி நமைக்கத் தொடங்கினது. அவவுக்குச் சுருட்டை முடி, அவவுக்கு ஒத்துவருது. செய்யிறதெண்டால் டைமெத்திகோன் எண்ட சிலிக்கோன் இல்லாத சாமானாப் பாத்து எடுங்கோ, அது தண்ணியில கரையாது, ஷம்பூ இல்லாட்டில் படை படையாச் சேரும். கழுவாமல் விடுற வகைக் கண்டிஷனர் நீளமுடிக்கு நல்லம், நுனிக்கு மட்டும், ஒரு சுண்டுவிரல் நுனி அளவு, கூடினால் செம்மண் ஒட்டும்.

செவ்வரத்தை இலையைப் பற்றி அம்மம்மாவுக்காகச் சொல்லோணும். இலையைக் கசக்கினால் வாற அந்த வழுவழுப்பு உண்மையாவே முடியைச் சிக்கெடுக்க விடும், ஊறப்போட்ட வெந்தயமும் அப்பிடித்தான். ஆனால் வழுக்கல் கழுவிற வரைக்கும் தான் நிக்கும், நேர் மின்னேற்றச் சாமான் மாதிரி முடியில பிடிச்சு நிக்காது. வடிக்காமல் போட்டால் இலைத்துண்டு எடுக்கிறதுக்கே பின்னேரமாகும், என்ர முடிக்குள்ள இருந்து மூண்டாம் நாள் ஒரு துண்டு ஒவிஸ் மேசையில விழுந்தது.

இவ்வளவும் கதைச்சிட்டுத் தண்ணியைப் பற்றிக் கதைக்காட்டில் பிழை. எங்கட யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு, கிணத்துத் தண்ணியில கல்சியம் கரைஞ்சு தான் வரும், கேத்திலுக்குள்ள எட்டிப் பாத்தால் அந்த வெள்ளைப் படை. மச்சாள் சொல்லுறாள் லண்டன் கேத்திலும் அப்பிடித்தானாம், அங்கயும் அடியில சுண்ணாம்பு தான். கேத்திலில படியிறது முடியிலயும் கொஞ்சம் கொஞ்சமாப் படியும், பழுதான நுனியில கூட, அதால தான் வெளியூர்ல நிண்டு முழுகினால் முடி வேற ஆளின்ர மாதிரி இருக்கிறது. இதுக்கு நான் மாசத்தில ஒருக்கா ஷம்பூவுக்குப் பிறகு, கண்டிஷனருக்கு முதல், அரை வாளி தண்ணிக்குள்ள அரைத் தேசிக்காய் பிழிஞ்சு ஊத்துவன். உடன நல்ல தண்ணியால கழுத்து, முதுகு எல்லாம் கழுவிடுங்கோ, தேசிக்காய்ச் சாறு தோலில இருக்கேக்க வெயில் பட்டால் கொப்பளிக்கும், கறுத்த அடையாளம் மாசக்கணக்கா நிக்கும்.

வாளி எண்டோன தான் கடைசி முறை ஞாபகம் வருது, எனக்கு மிச்சம் பிடிச்சதும் அது தான். கண்டிஷனர் ஒரு மேசைக்கரண்டியை முதல் ஒரு கோப்பை தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு, பிறகு கால் வாளி தண்ணியோட கலந்து, குனிஞ்சு நிண்டு முடியைக் காது மட்டத்துக்கு உள்ள விட்டு ரெண்டு நிமிசம் அலசிறது. சவர் இல்லாமல் வாளியில முழுகிற ஆக்களுக்கு இதைவிடச் சுருக்கமான முறை ஒண்டும் சொல்ல ஏலாது. கையால போடேக்க எவ்வளவு கவனமாப் போட்டாலும் பிடரிப்பக்கத்தில உள்முடிக்கு ஒண்டும் போய்ச் சேராது, வாளிக்குள்ள ஒரு முடியும் தப்பாது. கையால போட்ட பக்கத்தோட ஒப்பிட்டால் மினுக்கம் குறைவு, மிருது கொஞ்சம் குறைவு, ஆனால் சிக்கு ரெண்டிலயும் ஒரே அளவு, சாமான் அரைவாசி கூட முடியிறேல்லை. நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடிய முழுகிப்போட்டுப் போற ஆக்கள் ஒவ்வொரு நாளும் தேசிக்காய் அளவு எடுத்து நாலாப் பிரிச்சுக்கொண்டு நிண்டால் தேர் போயிடும், அந்த நாளுக்கு வாளி தான்.

ஆனபடியால் இப்ப நான் வெள்ளிக்கு வெள்ளி எண்ணெய் உறையோட முழுச் சடங்கும் செய்யிறன், நடுவில வாற முழுக்குக்கு வாளி. ரெட்டைக் கண்டிஷனர் கலியாண வீட்டுக்கு முதல் கிழமை மட்டும்.

பாக்காத ஒண்டு இருக்கு. மழைத்தண்ணியில சுண்ணாம்பு இல்லை, அப்ப அதே கண்டிஷனர், அதே வாளி, ஒரு பக்கம் கிணத்துத் தண்ணி மற்றப் பக்கம் மழைத்தண்ணி எண்டு செய்தால் இந்த முடிவெல்லாம் மாறுமோ எண்டு. மாரி தொடங்கப் பீலிக்குக் கீழ வைக்க ஒரு பெரிய பாத்திரம் வேணும், பொங்கல் பானையைக் கேட்டன், அம்மா என்னை ஒரு பார்வை பாத்தா.