பிட்டு, கூழ், றொட்டி தானியமில்லாமல்: ஒடியல் மா, மரவள்ளி, வாழைக்காய் பற்றிய நீண்டகாலப் பாவனைக் குறிப்பு

ஏஐபி (Autoimmune Protocol) என்று சுருக்கிச் சொல்லப்படுவது, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்க்காரருக்கான உணவுமுறை. அதன் முதற்கட்டத்தில் அரிசி, கோதுமை, குரக்கன் எதுவும் கிடையாது. பருப்பு, முட்டை, பால், உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரிக்காய், மிளகாய் ஆகியனவும் விலக்கு. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கடுகு எல்லாம் விதைகள் என்பதால் அவையும் இல்லை. அதாவது யாழ்ப்பாணக் கறித்தூள் டப்பாவை அப்படியே மூடி வைக்க வேண்டியதுதான்.

தொடங்குகிறவர்கள் முதலில் தேடுவது அரிசிமாவுக்குப் பதிலாக ஒரே ஒரு மா. அப்படி ஒன்று இல்லை. இடியப்பத்தை மரவள்ளி மாவில் பிழியலாம், ஆனால் அவிக்கும்போதே இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆறினால் றப்பர். அதில் மினக்கெடாமல், அரிசியே தேவைப்படாத பழைய சாப்பாடுகளைப் பிடிப்பது நல்லது.

முதலிடம் ஒடியல் மாவுக்கு. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கடையில் இரண்டின் மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், மாறி வாங்கிவிடாதீர்கள். புழுக்கொடியல் மாவைத் தேங்காய்ப்பூவோடு குழைத்து அப்படியே சாப்பிடலாம். ஒடியல் மாவைப் பச்சையாகவோ அரைவேக்காட்டிலோ சாப்பிடக்கூடாது.

பிட்டுக்கு 2 கப் ஒடியல் மாவை அரிதட்டில் அரித்துத் தும்பை நீக்குங்கள். மாவுக்கு மேல் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கி, அரை மணித்தியாலம் அடைய விடுங்கள். மேலே நிற்கும் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னும் இரண்டு தரம் இப்படியே செய்தால் கைப்புப் போய்விடும். ஒரே தரத்தோடு நிறுத்தினால் வாயில் வைக்கும்போது தெரியாது, விழுங்கிய பிறகு தொண்டையில் தெரியும். பிறகு துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பிட்டின் விதி இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஈரம் மிஞ்சினால் நீத்துப்பெட்டிக்குள் (பிட்டு அவிக்கும் ஓலைப்பெட்டி) களியாகும். குறைந்தால் நடுவில் வெள்ளையாக மா வேகாமல் நிற்கும். 1 கப் தேங்காய்ப்பூ, உப்பு, விரும்பினால் நறுக்கிய இறால், முருங்கையிலை சேர்த்து, ஆவி நன்றாக மேலே வந்த பிறகு 20 நிமிடம் அவியுங்கள். அமத்தி அடைக்க வேண்டாம், ஆவி ஏறாது.

கூழுக்கு அரிசி தேவையில்லை. பயற்றங்காயும் பலாக்கொட்டையும் இந்தக் கட்டத்தில் சேராது. நாலு பேருக்கு 2 லீற்றர் தண்ணீர், ஏற்கெனவே அவித்து நீர் வடித்த மரவள்ளி 250 கிராம், அரைக்கிலோ மீன், 2 நண்டு, ஒரு பிடி இறால், ஒரு பிடி முருங்கையிலை, 6 பல் உள்ளி, 1 தேக்கரண்டி மஞ்சள், தேசிக்காயளவு பழப்புளி. மீனும் நண்டும் வெந்த பிறகு, மேலே சொன்னபடி கைப்பு நீக்கிய 1 கப் ஒடியல் மாவைப் புளிக்கரைசலில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். மாவை முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும், மீனும் கரைந்துவிடும். ஊற்றிய பிறகு மெல்லிய நெருப்பில் 15 நிமிடம் கைவிடாமல் துளாவ வேண்டும். இறக்கும்போது தண்ணிபோலத் தோன்றினால் பயப்படாதீர்கள், பத்து நிமிடத்தில் தடித்துவிடும். செத்தல் மிளகாய் இல்லாத குறை தெரியத்தான் செய்யும். உள்ளியைத் தட்டிப்போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கினால் ஓரளவு சரிக்கட்டலாம். இஞ்சி போட மனம் வரும், ஆனால் மரவள்ளியோடு இஞ்சி ஆகாது என்பது இங்கே வீட்டுக்கு வீடு உள்ள பேச்சு. அதை மீறிச் சமைத்தால் வீட்டில் பாதிப்பேர் கூழைத் தொடமாட்டார்கள்.

மரவள்ளியில் உண்மையாகவே பார்க்க வேண்டியது சயனைட்டாக மாறும் பொருள்கள். மண்ணிறத் தோலையும் அதன் கீழுள்ள தடித்த தோலையும் சேர்த்து உரித்து, நடுத்தும்பை எடுத்துவிட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். வெட்டியதும் நீலக்கறுப்பு வரி ஓடியிருந்தால் அந்தக் கிழங்கு பழசு, விடுங்கள். கிண்டி எடுத்து இரண்டு மூன்று நாளிலேயே பழுதாகிற சாமான் இது. தைரொயிட் நோய் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மரவள்ளியிலிருந்து உடலில் உண்டாகும் தயோசயனேற் என்ற பொருள், அயடீன் தைரொயிட் சுரப்பிக்குள் போவதைத் தடுக்கும். எனவே அதைத் தினச் சாப்பாடாக்காமல், கடல்மீனோடு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

றொட்டிக்கு 1 கப் மரவள்ளி மா, அரைக் கப் தேங்காய்ப்பூ, 2 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், உப்பு. இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழையுங்கள், அரைக் கப் அளவில் முடியும். கொதிநீர் விட்டால் மாப்பொருள் அப்போதே வெந்து பசையாகி, கையை விடாது. வாழையிலையில் வைத்து மெல்லிசாகத் தட்ட வேண்டும், தடித்தால் வெளியே கருகினாலும் உள்ளே பிசின்தான். மரவள்ளி மாவும், கிழங்கிலிருந்து பிரித்தெடுத்த வெறும் மாப்பொருளான ஸ்ராச்சும் ஒன்றல்ல. ஸ்ராச்சில் றொட்டி சுட்டால் சவ்வுபோல இழுபடும்.

தோசைக்கு நீர்வேலிப் பக்கத்து மொந்தன் காய் நன்று. தோலுரித்த 400 கிராம் காய், அரைக் கப் தேங்காய்ப்பால், 3 மேசைக்கரண்டி மரவள்ளி மா, உப்பு சேர்த்து அரைத்து, கல்லில் சற்றுத் தடிப்பாக ஊற்றுங்கள். ஓரம் தானாகக் கிளம்பும்வரை திருப்பாதீர்கள். காய் இலேசாகப் பழுத்திருந்தாலும் கல்லை விட்டு வராது. புளிக்க வைக்கும் முயற்சி வீண், புளித்த தோசை மணம் இதில் கிடைக்காது.

இனிப்புக்கு இராசவள்ளிக் கூழ். அதில் மாற்ற ஒன்றுமில்லை, சீனிக்குப் பதில் கொஞ்சம் பனங்கட்டி. தோல் சீவும்போது கை கடித்தால் முன்கூட்டியே எண்ணெய் பூசுங்கள்.

இவற்றோடு சொதிதான் பொருந்தும். இரண்டாம் பாலில் வெங்காயம், உள்ளி, மஞ்சள், கருவேப்பிலை, றம்பை போட்டுக் கொதிக்கவிட்டு, முதற்பாலை விட்டு முதல் நுரை எழும்போதே இறக்கி, தேசிப்புளி விடுங்கள். பெருங்காயத் தூள் வேண்டாம், பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். பெட்டித் தேங்காய்ப்பாலில் தடிப்பாக்கிகள் இருக்கும், துருவிப் பிழிவதே மேல்.

2017இல் வெளிவந்த குடலழற்சி நோயாளர் ஆய்வில், இம்முறையைப் பின்பற்றிய 15 பேரில் 11 பேருக்கு ஆறாம் கிழமையளவில் நோய் தணிந்தது. ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். நீரிழிவும் இருந்தால் இந்த மாச்சாப்பாடுகளின் அளவை வைத்தியரோடு பேசித் தீர்மானியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒடியல் மா கட்டிபிடித்துப் பூஞ்சண வாடை அடிக்கும், அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். ஒடியலாகவே வாங்கி வெயிலில் காயவைத்துப் போத்தலில் போட்டுவைத்து, ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் இடிப்பது பாதுகாப்பு. மிஞ்சிய பிட்டை மறுநாள் தண்ணீர் தெளித்துத் திரும்ப அவிக்கலாம், றொட்டியை மட்டும் அன்றன்றே முடித்துவிடுங்கள்.