ஏறியிருந்து ஓட்டுற புல்வெட்டி மெஷின்: 480,000 ரூபா போச்சு, நீங்களும் மாட்டாதீங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மைதானத்துக்கோ ஹோட்டல் வளவுக்கோ பழைய புல்வெட்டி மெஷின் தேடுறவங்க காசை எண்ண முதல் இதை வாசியுங்க. போனது ஒரு விளையாட்டுக் கழகத்தின் பொதுக்காசு, 480,000 ரூபா. விற்றது முகநூலில படம் போட்டு யப்பான் றீகண்டிஷன் தோட்ட மெஷின் விற்கிற ஒரு கடை. பெயர் இப்ப வேண்டாம்.

நம்ப வைச்ச விதத்தைக் கேளுங்க. கடைக்காரர் தானே ஒயில் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில துடைச்சுக் காட்டினார். புது ஒயில், பளிச்செண்டு இருந்தது. "ஏறி ஓடிப் பாருங்க தம்பி, பிடிச்சாக் காசு தாங்க" என்றார். கடை முற்றத்தில ஒரு சுற்று, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு குறையும் இல்லை. பில்லுக்குப் பின்னால தன் கையாலேயே "6 மாத வொறன்டி" என்று எழுதித் தந்தார். 480,000 ரூபாவை எடுக்க வைச்சது அந்த எழுத்துத்தான்.

குளிர்ந்த மெஷின் முற்றத்தில ஓடினா ஒரு பழுதும் தெரியாது. இந்த மெஷின்களில ஹைட்ரோஸ்டாட்டிக் கியர்பொக்ஸ். உள்ளே பம்ப் தள்ளுற ஒயில் அழுத்தத்திலதான் சில்லு சுத்தும். பம்ப் தேய்ஞ்சிருந்தாலும் குளிர்ந்த ஒயில் தடிப்பா இருக்கிறதால அழுத்தம் நிற்கும். அரை மணித்தியாலம் புல்லு வெட்டினதும் சூட்டில ஒயில் இளகி, தேய்ஞ்ச இடைவெளிகளால கசியும். எஞ்சின் முழு வேகத்தில கத்தும், மிதியை அடிவரைக்கும் மிதிச்சாலும் மெஷின் நகராது. கரையோரச் சரிவில என்றால் பின்னுக்கு உருளும்.

எஞ்சின் ஒயில் எரியுற நீலப் புகையும் சூடானாப் பிறகுதான் வந்தது. எஞ்சினில இருந்து வடிச்ச ஒயில் வழமையா ஊத்துற எஸ்ஏஈ 30 ரக ஒயிலை விட நல்ல தடிப்பு. பிஸ்டன் ரிங் தேய்ஞ்ச எஞ்சினுக்குத் தடிச்ச ஒயில் ஊத்தினா கொஞ்ச நேரம் புகை அடங்கும், அவ்வளவுதான். டெக்கின், அதாவது பிளேட்டை மூடியிருக்கிற தகட்டுக் கூட்டின், அடிப்பக்கம் உப்புக்காத்துத் துரு. அதுக்கு மேல புட்டி, புட்டிக்கு மேல பெயின்ட்.

இதெல்லாம் காசோட போற நட்டம். ஆளைக் கொல்லக்கூடியது வேற. பிளேட் சுத்தும்போது ஓட்டுறவர் இருக்கையை விட்டு எழும்பினா எஞ்சின் தானாக நிற்கவேணும். இது நிற்கல்ல. இருக்கைக்கு அடியில பார்த்தா, சுவிட்சுக்குப் போற இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தி வைச்சிருக்கு. பிளேட் நுனி விநாடிக்கு 80, 90 மீற்றர் வேகத்தில போறது. சரிவில உருண்டு ஓட்டுறவர் விழுந்தா, மேல ஆள் இல்லாமலே பிளேட் சுத்திக்கொண்டு வரும். சுவிட்சின் விலைக்காக இந்த வேலை பார்க்கிறவனுக்கு என்ன பெயர் சொல்றது?

கேட்கப் போனா முதல் பதில்: "பெற்றோல் பழசா இருக்கும், கார்பரேட்டரைக் கழுவுங்க." எஞ்சின் ஒழுங்கா ஓடுது, சில்லுத்தான் சுத்தல்ல, கார்பரேட்டருக்கும் சில்லுக்கும் என்ன சம்பந்தம்? பிறகு "உங்கட கிரவுண்ட் மணல், ஓடத் தெரியாம ஓடியிருப்பீங்க." பிறகு "சாமான் கொழும்பில இருந்து வரணும்." பிறகு "பாஸ் வெளிய போயிட்டார்." கடைசியில வொறன்டி எஞ்சினுக்கு மட்டும்தானாம். சரி, எஞ்சினில புகை வருதே? "அது எல்லா மெஷினிலயும் வாறதுதான்." 480,000 ரூபாவுக்கு இதுதான் மரியாதை.

வாங்கப் போறவங்களுக்கு விரிவா எழுத நினைச்சன், கை நடுங்குது. சுருக்கமா:

கடைக்குப் போனதும் எஞ்சினைத் தொட்டுப் பாருங்க, குளிர்ந்திருக்கவேணும். பிறகு அரை மணித்தியாலத்துக்குக் குறையாம ஓடி, சூட்டோட ஒரு ஏற்றத்தில ஏத்துங்க.

வெறுந்தரையில மெஷினை நிப்பாட்டி, பிளேட்டைச் சுத்த விட்டு, இருக்கையில இருந்து சாடையா எழும்புங்க, இறங்கவேணாம். எஞ்சின் நிற்கல்ல என்றா வாங்காதீங்க.

எஞ்சினை நிப்பாட்டி, பிளக் வயரைக் கழட்டி, டெக்குக்கு அடியில பாருங்க. ஜாக்கை மட்டும் நம்பி கீழ கை விடாதீங்க, கட்டை வையுங்க. கையுறையோட பிளேட்டை மேலும் கீழும் ஆட்டுங்க. ஆடினா பெயாரிங் போச்சு.

எந்த மெஷின் என்றாலும் 15 பாகைக்கு மேல சரிவில ஓட்டாதீங்க.

பில்லில எஞ்சின் நம்பரும், வொறன்டி எதெதுக்கு என்பதும் கடை முத்திரையோட வேணும். ஏமாந்திட்டா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற நம்பரில சொல்லுங்க, எழுத்திலயும் முறைப்பாட்டை உடனே குடுங்க.