வெளிநாட்டு ஃபுட்பால் டிரையல்ஸுக்குப் பணம் கட்டப் போறீங்களா? கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் ஒரு நிமிஷம் படிங்க

"மலேசியாவில் கிளப்பில் சேர்த்து விடுகிறோம், அடுத்த சீசன் தாய்லாந்து, அப்புறம் ஐரோப்பா" என்று சொல்லிப் பையன்களிடம் பணம் வாங்குகிற ஓர் ஆள் கோவையில் இருக்கிறார். என் அக்கா வீட்டிலிருந்து மட்டும் 3,80,000 ரூபாய் போயிருக்கிறது. போலீஸில் மனு இருப்பதால் பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் ஆள் எப்படி வேலை செய்கிறார் என்பதை முழுசாக எழுதுகிறேன். நாளைக்கு வேறு போர்டு மாட்டி ஈரோட்டிலோ சேலத்திலோ கடை போட்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியட்டும்.

அக்கா வீடு சோமனூர் பக்கம். மச்சானுக்குத் தறி. பையனுக்கு 22 வயசு, லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். கோவைக் கல்லூரி ஒன்றில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் படித்தவன். மாவட்ட லீகில் ஆடுவான். சீசன் வந்தால் பாலக்காடு தாண்டி மலப்புறம் வரைக்கும் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற ஃபுட்பால், ஆடப் போய்விடுவான். 2019 மார்ச்சில் சென்னை சிட்டி அணி நம்ம கோவை நேரு ஸ்டேடியத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து ஐ-லீக் கப் அடித்தபோது கேலரியில் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு வந்தவன் இவன். அந்த டீமில் ஸ்பெயினின் கீழ்மட்ட லீகுகளிலிருந்து வந்த ஆட்கள் இருந்தார்கள். பெட்ரோ மான்சி அந்த சீசனில் மட்டும் 21 கோல் போட்டார். அப்புறம் ஜப்பான் போனார். நாடு நாடாகப் போய்ப் பந்து விளையாடுவதே ஒரு பிழைப்பு என்பது இவன் மண்டையில் ஏறியது அப்போதுதான். செவன்ஸில் கானா, ஐவரி கோஸ்ட், நைஜீரியா ஆட்களோடு ஆடியதும் சேர்ந்துகொண்டது. ஆசையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தப்பு செய்தவர் அதை வைத்து வியாபாரம் பண்ணின ஆள்தான்.

ஆபீஸ் ஒரு மொபைல் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டம் போட்ட ஜெர்சி. வெள்ளைக்காரர்களோடு எடுத்த போட்டோ. ஃபிஃபா சின்னம் போட்ட சான்றிதழ் ஒன்று. ஆள் பேச்சில் அத்தனை மரியாதை. "வாங்கக்கா, உக்காருங்க, காபி குடிக்கறீங்களா?" என்று ஆரம்பித்து, லேப்டாப்பைத் திருப்பிப் படம் காட்டினார். முதல் படம் ஜெர்மன் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபான்னன்ஷ்டீல். ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடினவர். அடுத்தது உருகுவேயின் செபாஸ்டியன் அப்ரேயு, 30 கிளப்புக்கு மேல் மாறினவர்.

"ஏனுங்க்கா, இவங்கெல்லாம் பெரிய ஸ்டாரா? இல்லீங்க. ஊர் ஊராப் போனாங்க, சம்பாரிச்சாங்க. உங்க பையன் மாதிரி லெஃப்ட் ஃபுட் பிளேயர் அங்க கெடைக்கறதே இல்லீங்க. ஒரு சீசன் மலேசியா போதும், சி.வி. தானா ஏறிரும்."

"இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்களே அவனுக்கு?"

"மலேசியாவுல தமிழே போதுமுங்க்கா!"

அக்கா சிரித்துவிட்டாள். அதோடு பாதி முடிந்தது.

அந்தப் படங்களில் அவர் காட்டாத பக்கத்தையும் சொல்கிறேன். ஃபான்னன்ஷ்டீல் 2001-ல் சிங்கப்பூரில் மேட்ச் ஃபிக்ஸிங் வழக்கில் மாட்டி 101 நாள் ஜெயிலில் இருந்தார். தான் எதுவும் செய்யவில்லை என்றே சொல்லி வந்திருக்கிறார். 2002 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு சின்ன கிளப்புக்கு ஆடும்போது மோதி விழுந்து மூச்சு நின்று, மைதானத்திலேயே உயிரைத் திருப்பிக் கொண்டு வந்தார்கள். அப்ரேயு யார்? 2010 உலகக் கோப்பை கால் இறுதியில் கானாவுக்கு எதிராகக் கடைசி பெனால்டியைப் பந்துக்கு அடியில் மெல்லத் தட்டி கோல் போட்ட ஆள், நாட்டுக்காக உலகக் கோப்பை ஆடினவர். நம்ம சுனில் சேத்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்குப் போனார். அங்கே ஒரு லீக் மேட்ச்சில்கூட இறக்கவில்லை. 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப், அதுவும் இரண்டாவது டீம். குர்பிரீத் சிங் சந்து 2014-ல் நார்வேயின் ஸ்டாபேக் போய், மூன்று வருஷம் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்து, 2017-ல் பெங்களூருவுக்குத் திரும்பினார். இந்திய டீமின் முன்னணி ஆட்களுக்கே இவ்வளவுதான் கதவு திறந்தது. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. கிளப் கொடுத்த ஒப்பந்தம் கையில் இருந்தது, பணம் கிளப்பிலிருந்து ஆட்டக்காரருக்கு வந்தது. எங்கள் வீட்டில் எதிர்த் திசையில் ஓடியது.

எப்படிப் போனது என்றால், பதிவும் வீடியோ எடுக்கவும் 30,000. ஒர்க் விசா, மெடிக்கல் என்று 1,40,000. "ஐ.டி.சி. சர்டிபிகேட்" என்று 60,000. டிக்கெட், தங்குமிடம், டிரையல்ஸ் கட்டணம் 1,50,000. சீட்டு எடுத்ததும், சொசைட்டியில் நகை வைத்ததும் சேர்ந்து கட்டியது. பாதிக்கு மேல் ஒரு பெண்ணின் ஜிபே நம்பருக்குப் போனது. ஆபீஸ் அக்கவுண்ட் லிமிட் தாண்டிவிட்டதாம்.

இப்போது ஒவ்வொன்றாகப் பாருங்கள். 2023 டிசம்பர் 1-லிருந்து இந்தியர்கள் சுற்றிப் பார்க்க மலேசியா போக விசா வேண்டியதில்லை, 30 நாள் இருக்கலாம். அந்த 1,40,000-க்குப் பையன் பாஸ்போர்ட்டில் எந்த விசாவும் ஒட்டவில்லை. சும்மா டூரிஸ்டாகத்தான் இறங்கினான். டூரிஸ்டாகப் போய் சம்பளத்துக்கு ஆடினால் அது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம், மாட்டினால் பையன்தான் உள்ளே போவான்.

ஐ.டி.சி. கதை இன்னும் மோசம். ஒரு நாட்டுச் சங்கத்தில் பதிவான ஆட்டக்காரர் இன்னொரு நாட்டில் பதிவாக வேண்டுமென்றால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் (அதுதான் ஐ.டி.சி.) வேண்டும், அது நிஜம். ஆனால் அதைக் கேட்பது புது கிளப்பின் நாட்டுச் சங்கம், கொடுப்பது நம்ம அகில இந்திய ஃபுட்பால் சம்மேளனம். ஃபிஃபாவின் கம்ப்யூட்டர் முறையிலேயே நடக்கும். ஆட்டக்காரர் கையில் வாங்கிக்கொண்டு போகிற காகிதமே இல்லை அது. அதற்குக் காசு வாங்கக் கூடாது என்று ஃபிஃபா விதியிலேயே எழுதியிருக்கிறது. இலவசம். 60,000 ரூபாய்க்கு எங்களுக்குக் கொடுத்தது கலர் பிரிண்ட் போட்டு லேமினேட் பண்ணின ஒரு தாள். அதில் "மலேசியா" என்பதன் ஆங்கில எழுத்தே தப்பு.

சுவரில் மாட்டிய சான்றிதழ்? 2023 அக்டோபர் 1-லிருந்து ஃபிஃபா உரிமம் இருப்பவர்தான் ஏஜென்ட் வேலை பார்க்க முடியும். அதற்குப் பரீட்சை உண்டு: ஒரு மணி நேரம், 20 கேள்வி, 75 சதவீதம் எடுக்க வேண்டும். உரிமம் தனி மனிதருக்குத்தான், கம்பெனிக்குக் கிடையாது. "எங்க கம்பெனி ஃபிஃபா அப்ரூவ்டு" என்று ஒருவர் சொன்னாலே எழுந்து வந்துவிடலாம். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் ஃபிஃபா இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடுகிற மாதிரி இருக்கிறது. இவர் மாட்டியிருந்தது மேட்ச் ஏஜென்ட் என்று இன்னொரு வகை, அணிகளுக்கு இடையே போட்டி ஏற்பாடு செய்கிறவர்களுக்கானது. அதுவும் வேறு யாரோ ஒருவருடைய பெயரில்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் ஃபிளைட் ஏற்றி விட்டார்கள். கிள்ளான் பக்கம் ஒரு வீடு. நாமக்கல், ஈரோடு, பொள்ளாச்சி, மலப்புறம் என்று பதினாலு பையன்கள் மூன்று ரூமில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒர்க் பாஸ் குத்த வேண்டும் என்று வந்த அன்றைக்கே பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். டிரையல்ஸ் நடந்த இடம் கம்பி வலை போட்ட, கூரை வேய்ந்த ஃபுட்சால் கோர்ட். மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறது. லெஃப்ட் பேக்கை அஞ்சு பேர் ஆடுகிற கோர்ட்டில் எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. பையன்களுக்குக் கொடுத்த பனியனில் ஏதோ ஒரு பேங்க் ஊழியர் விளையாட்டு விழா என்று அச்சிட்டிருந்தது. கோச் என்று வந்தவர் கழுத்தில் விசில், கையில் போன். விசிலை அதிகம் ஊதவில்லை, வீடியோதான் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வீடியோதான் அடுத்த வாரம் கோவை ஆபீஸின் இன்ஸ்டாகிராமில் "மலேசியாவில் அசத்தும் நம்ம பசங்க" என்று பாட்டுப் போட்டு வந்தது. ஏமாந்த பையன்களே அடுத்த பேட்ச்சுக்கு விளம்பரம். அதைப் பார்த்துவிட்டுப் பொள்ளாச்சியில் இரண்டு பேர் புதிதாகப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தினமும் சாப்பிடப் போன வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்காரர், அந்த ஊர்த் தமிழர், ஒருநாள் கேட்டிருக்கிறார். "தம்பி, எந்த கிளப்புக்கு வந்தீங்க?" இவன் பெயர் சொன்னான். "அந்த கிளப் இருக்கு. ஆனா சீசன் முடிஞ்சு பிளேயருங்க லீவுல்ல இருக்காங்க? யாரு டிரையல் வெச்சா?" அவரே அந்த கிளப் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டார். இந்தியாவிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை, கடிதம் எதுவும் அனுப்பவில்லை என்றார்கள். எங்களுக்கு வந்த அழைப்புக் கடிதம் ஜிமெயிலிலிருந்து வந்தது என்பதை அப்போதுதான் பையன் கவனித்துச் சொன்னான். இந்திய ஹை கமிஷனில் புகார் கொடுப்போம் என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி இவன் சொன்னதும், அன்று ராத்திரியே பாஸ்போர்ட் திரும்பி வந்தது. திரும்பி வர டிக்கெட்டுக்கு மறுபடியும் அக்கா பணம் அனுப்பினாள்.

அந்த வீட்டில் 17 வயசுப் பையன் ஒருவனும் இருந்தான். பெற்றோர்கள் இதைக் கவனியுங்கள். 18 முடியாதவர்களை நாடு விட்டு நாடு கிளப் மாற்றுவதை ஃபிஃபா தடை செய்திருக்கிறது. விளையாட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் குடி மாறுவது போலச் சில விதிவிலக்குகள்தான். உங்கள் பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பையனை வெளிநாட்டு கிளப்பில் கையெழுத்துப் போட வைக்கிறேன் என்று எவன் சொன்னாலும் பொய். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 20-க்கும் மேற்பட்ட பையன்களை அகாடமி என்று சொல்லி லாவோஸுக்குக் கூட்டிப்போய் அடைத்து வைத்திருந்ததை 2015-ல் பிபிசி வெளியே கொண்டுவந்தது. பதினாலு, பதினஞ்சு வயசுப் பையன்கள் அதில் இருந்தார்கள்.

ஊருக்கு வந்து ஆபீஸுக்குப் போனால் அதே மரியாதை, அதே காபி. "பையன் ஃபிட்னஸ் பத்தலீங்க, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" மச்சான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நான் போட்டேன். ஒரு லட்சத்துக்கு செக் கொடுத்தார். பணமில்லை என்று திரும்பியது.

செக் திரும்பினவர்களுக்குச் சொல்கிறேன், தேதி முக்கியம். பேங்க் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் செக் திரும்பினதற்கான 138-ஆம் பிரிவு வழக்குப் போட வேண்டும். "அடுத்த வாரம் தர்றேனுங்க" என்று அவர் இழுப்பதே இந்தக் கெடு தாண்டட்டும் என்றுதான். எங்கள் நோட்டீஸ் போய்விட்டது. மோசடிக்குத் தனியாகக் கமிஷனர் ஆபீஸில் மனு. பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்காமல் தர மாட்டார்கள். ஜிபேயில் இப்போதுதான் அனுப்பினீர்கள் என்றால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடுங்கள், பணம் அந்தக் கணக்கை விட்டு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் யாராக இருந்தாலும் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கும். அப்படிப் பதிவானவரே சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். நம்மாளிடம் பதிவு நம்பர் கேட்டதற்கு "அது லேபருக்குங்க, இது ஸ்போர்ட்ஸ்" என்றார். சம்பளத்துக்குப் போகிறவன் எல்லாம் ஒன்றுதானே என்று மச்சான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

பையன் இப்போது மறுபடி மாவட்ட லீக் ஆடுகிறான். காலையில் தறிக்குடோன், சாயங்காலம் பிராக்டிஸ்.

இதே ஆபீஸில் கட்டினவர்கள், அல்லது இதே மாதிரி கதை கேட்டவர்கள், எனக்கு மெசேஜ் பண்ணுங்கள். ஒரே மனுவில் நாலைந்து பேர் சேர்ந்தால் போலீஸ் பார்க்கிற பார்வையே வேறு. ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிபே ஸ்கிரீன்ஷாட், அந்த லேமினேட் தாள் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்கள் அங்கே சண்டை போடாமல் முதலில் சாட் முழுவதையும் எக்ஸ்போர்ட் பண்ணி மெயிலில் போட்டு வையுங்கள். கேள்வி கேட்டவர்களை எல்லாம் நீக்கிவிடுகிறார், என்னையும் நீக்கிவிட்டார்.